மூங்கில் குருவிக்கு எது சொந்த ஊர்?

வடக்கின் ஊசியிலைக் காட்டுப் பறவை என்று உலகம் அறிந்த ரோஸ்ஃபிஞ்ச், வருடத்தில் பாதிக்கும் மேல் தங்குவது நம் நாட்டில். திருப்பதி மலைகளின் மூங்கிலை நாடி வரும் இந்தச் சிவப்பு விருந்தாளியைப் பற்றி உள்ளூரில் கவலைப்படுவோர் குறைவு.

நவம்பர் மாத விடியற்காலை. அலிபிரி அடிவாரத்தில் தேங்காய் உடைத்துவிட்டு 3,550 படிகளை ஏறத் தொடங்கும் பக்தர்களின் ‘கோவிந்தா’ கோஷம் மலையில் மோதித் திரும்புகிறது. திருமலை என்றால் இந்தியா முழுவதும் தெரிவது இந்தக் காட்சிதான்.

அதே சேஷாசலம் மலைத்தொடரில், தலக்கோனா அருவி இருக்கும் பக்கம் போனால் காட்சி வேறு. ஓடைப் பள்ளத்தில் கல் மூங்கில் புதர்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் நுனிகளில் பத்துப் பதினைந்து சிட்டுகள். சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கின்றன. பார்த்தவுடன் ஊர்க்குருவி என்று ஒதுக்கிவிடத் தோன்றும். பெரும்பாலானவை பழுப்பு நிறம்தான். கூட்டத்தில் ஒன்று திரும்பும்போது வெயில் அதன் மேல் விழுகிறது. தலை, தொண்டை, மார்பு எல்லாம் குங்குமத்தை ரோஜாப்பூ நிறத்தோடு குழைத்துப் பூசியது போன்ற சிவப்பு.

இதுதான் ரோஸ்ஃபிஞ்ச். நீளம் சுமார் 15 செ.மீ. எடை 20 முதல் 25 கிராம். இரண்டு மேஜைக்கரண்டி அரிசியின் கனம்கூட இல்லை. 1770-ல் ரஷ்யாவின் வோல்கா நதிப் பகுதியில் கிடைத்த பறவையை வைத்து இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய இயற்கையியலாளர் பீட்டர் சைமன் பல்லாஸ். பின்லாந்திலிருந்து சைபீரியா வழியாக ரஷ்யாவின் கிழக்குக் கோடியான கம்சாத்கா வரை, ஊசியிலைக் காட்டு ஓரங்களிலும் ஆற்றங்கரைப் புதர்களிலும் இது கூடு கட்டுகிறது. இதே இனத்தின் வேறு பிரிவுகள் இமயமலையில் சுமார் 3,000 மீட்டருக்கு மேலும், மத்திய ஆசிய மலைகளிலும் குஞ்சு பொரிக்கின்றன. கடந்த நூற்றாண்டில் இது ஐரோப்பாவில் மேற்கு நோக்கிப் பரவிக்கொண்டே போனது. 1982-ல் ஸ்காட்லாந்திலும் கூடு கட்டியது.

பைன் மரமும் தேவதாருவும் கண்ணில் படாத சித்தூர்ச் சீமையில் இதற்கு என்ன வேலை?

அலகு சொல்லும் விடை

பிஞ்ச் குடும்பத்துப் பறவைகள் விதை தின்னிகள். எந்த விதை என்பதை அலகு தீர்மானிக்கிறது. இந்தக் குடும்பத்திலேயே விசித்திரமானது கிராஸ்பில் எனப்படும் குறுக்கலகுப் பறவை. அதன் மேலலகும் கீழலகும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று தாண்டி வளைந்திருக்கும். ஊசியிலை மரங்களின் காய்ச் செதில்களை நெம்பி உள்ளேயிருக்கும் விதையை எடுக்க அதைவிடத் தோதான கருவி கிடையாது. ஆனால் அந்தக் கருவியே அதைக் கட்டிப் போட்டுவிட்டது. காய் இருக்கும் காட்டைத் தேடி அலையுமே தவிர, ஊசியிலை மரங்களை விட்டு அது அதிக தூரம் போவதில்லை. இந்தியாவில் அது இமயமலையோடு நின்றுவிடுகிறது.

ரோஸ்ஃபிஞ்சின் அலகு குட்டையானது, தடித்தது. எந்த ஒரு விதைக்கென்றும் செய்யப்படாதது. மொட்டு, புல் விதை, சோளம், அத்திப்பழம், உண்ணிச்செடிப் பழம் என்று கிடைத்ததைத் தின்னும். பூக்களில் தேனும் குடிக்கும். சஹ்யாத்ரி மலைகளில் குறிஞ்சியின் உறவான கர்வி பூத்துக் காய்க்கும் வருடங்களில் அந்த விதைகளைத் தேடிக் கூட்டமாக வரும். பிடிவாதம் இல்லாத இந்த அலகுதான் ஒரு வடநாட்டுப் பறவையைக் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

இங்கே வந்ததும் அது நாடுவது மூங்கிலை. இதை முதலில் கண்டவர்கள் பறவையியலாளர்கள் அல்ல. உள்ளூர்த் தெலுங்கு மக்கள். சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த தாமஸ் ஜெர்டன், நெல்லூரில் பணிபுரிந்த காலத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பறவைகளை உள்ளூர் ஆட்களின் உதவியோடு சேகரித்தார். 1862-க்கும் 1864-க்கும் இடையில் வெளியான அவருடைய ‘இந்தியப் பறவைகள்’ நூலில் ரோஸ்ஃபிஞ்சின் தெலுங்குப் பெயரையும் குறித்திருக்கிறார். அதன் பொருள் ‘மூங்கில் குருவி’. தெற்கில் இந்தப் பறவை மூங்கில் காடுகளையே அதிகம் நாடி அதன் விதையைத் தின்பதால் இந்தப் பெயர் என்பது அவர் தரும் விளக்கம்.

தெலுங்கில் மூங்கிலுக்கு ‘வெதுரு’ என்று பெயர். சங்கத் தமிழின் ‘வெதிர்’ அதுவேதான். பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு உணவுகளைச் சொல்ல வந்த கபிலர், புறநானூற்றுப் பாடலில் முதலாவதாக வைத்தது மூங்கில் நெல்லை. தமிழகத்தின் வட எல்லையென்று பழைய நூல்கள் சொன்ன வேங்கடத்தில், மனிதன் பசிக்குத் தின்ற அதே மூங்கிலரிசிக்குத்தான் குருவியும் வந்துகொண்டிருந்தது.

மூன்று மாதம் அங்கே, ஆறேழு மாதம் இங்கே

ஐரோப்பாவில் கோடை கழிக்கும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை குளிர் வந்ததும் தெற்கே திரும்பி ஆப்பிரிக்காவுக்குப் போகும். ரோஸ்ஃபிஞ்ச் அந்த வழக்கத்துக்கு விரோதி. அது தென்கிழக்காகத் திரும்பி இந்தியாவைப் பார்த்துப் பறக்கும். பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து திருப்பதிக்கு நேர்கோட்டிலேயே 6,500 கி.மீ.க்கு மேல். நடுவில் மத்திய ஆசியாவின் பாலைவனங்கள், அவற்றுக்குப் பின்னால் உலகின் மிக உயரமான மலைகள்.

இந்தப் பயணத்தை அண்மைக்காலத்தில்தான் துல்லியமாகப் பின்தொடர முடிந்தது. ஒரு கிராமுக்கும் குறைவான எடையுள்ள கருவியைப் பறவையின் முதுகில் கட்டிவிடுகிறார்கள். அது நாள்தோறும் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் பதிவு செய்கிறது. அடுத்த ஆண்டு அதே பறவையை அதே இடத்தில் மறுபடி பிடித்துக் கருவியைக் கழற்றினால், எந்தத் தேதியில் உலகின் எந்தப் பகுதியில் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஐரோப்பாவில் பல இடங்களில் இப்படிச் செய்து 2021-ல் வெளியிடப்பட்ட ஆய்வு, அந்தப் பறவைகள் இந்தியத் துணைக்கண்டத்தில் குளிர்காலத்தைக் கழிப்பதை உறுதி செய்தது. தென்னிந்தியாவுக்கு வரும் கூட்டங்களில் இமயத்திலும் மத்திய ஆசியாவிலும் பிறந்த பறவைகளும் உண்டு. மூங்கில் நுனியில் உட்கார்ந்திருப்பதை வைத்து அதன் பிறந்த ஊரைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

காலண்டரைப் பார்த்தால் வேறொரு வேடிக்கை புரியும். வட ஐரோப்பாவுக்கு ரோஸ்ஃபிஞ்ச் போய்ச் சேரும்போது மே மாதம் பாதிக்கு மேல் கழிந்திருக்கும். அங்கே கடைசியாக வந்து சேரும் பறவைகளில் அதுவும் ஒன்று. அவசர அவசரமாகக் கூடு கட்டும். பெட்டை நான்கிலிருந்து ஆறு நீல முட்டைகள் இட்டு, சுமார் இரண்டு வாரம் தனியாகவே அடைகாக்கும். குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் மூட்டை கட்டத் தொடங்கிவிடும். ஆகஸ்டில் பலவும் கிளம்பிப் போய்விடும். ஆக அங்கே இருப்பது மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. இந்தியாவிலோ செப்டம்பர், அக்டோபரில் வரத் தொடங்கும் பறவைகள் ஏப்ரல் வரை தங்குகின்றன. ஆண்டில் பாதிக்கும் மேல் ஓரிடத்தில் சாப்பிட்டு, உறங்கி, பிழைத்திருக்கும் உயிரை ‘விருந்தாளி’ என்று அழைப்பது எந்த அளவுக்குச் சரி?

சிவப்பு எங்கே தயாராகிறது?

இந்தக் கேள்விக்கு வலு சேர்க்கிறது அதன் நிறம்.

எல்லாப் பறவைகளும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பழைய இறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்க விட வேண்டும். பிஞ்ச் இனங்களில் பெரும்பாலானவை குஞ்சு பொரித்த இடத்திலேயே இந்த வேலையை முடித்துக்கொண்டுதான் கிளம்பும். வட ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் கூடு கட்டும் முதிர்ந்த ரோஸ்ஃபிஞ்சுகள் அதற்கும் அங்கே நேரம் ஒதுக்குவதில்லை. நைந்துபோன இறகுகளோடே தெற்கே பறந்து, குளிர்கால வாசஸ்தலத்தை அடைந்த பிறகே இறகு மாற்றிக்கொள்கின்றன.

இதில் அடங்கியிருக்கும் விஷயம் பெரியது. பிஞ்ச் குடும்பப் பறவைகளால் சிவப்பு நிறத்தைத் தாமாக முழுவதும் உண்டாக்க முடியாது. பழம், விதை, மொட்டு ஆகியவற்றில் இருக்கும் கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமிகளைச் சாப்பிட்டு, உடலுக்குள் அவற்றைச் சிவப்பு நிறமிகளாக மாற்றி, முளைக்கும் இறகுக்குள் அனுப்ப வேண்டும். கேரட்டின் நிறமும் தக்காளியின் நிறமும் இதே நிறமிக் குடும்பம்தான். மஞ்சளைச் சிவப்பாக்கும் இந்த ரசவாதத்துக்குக் காரணமான மரபணுவைக் கேனரி, வரிக்குதிரை பிஞ்ச் ஆகிய பறவைகளில் 2016-ல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள்.

இறகு முளைக்கும் அந்தச் சில வாரங்களில் தகுந்த உணவு கிடைத்தால்தான் சிவப்பு பிடிக்கும். கூண்டில் அடைத்த ரோஸ்ஃபிஞ்ச் அடுத்த இறகு மாற்றத்தில் சிவப்பை இழந்து மஞ்சளாகிப் போவதை வளர்ப்பவர்கள் வெகுகாலமாக அறிவார்கள். தினையும் தண்ணீரும் உயிரைக் காக்கும்; நிறத்தைத் தராது.

காட்டில் புதிதாக முளைத்த இறகின் ஓரத்தில் சாம்பல் பழுப்பு விளிம்பு இருக்கும். மாதங்கள் போகப் போக விளிம்பு தேய்ந்து, உள்ளே மறைந்திருந்த சிவப்பு வெளியே வரும். மே மாதம் பின்லாந்துக் காட்டில் மர உச்சியில் உட்கார்ந்து சீழ்க்கை அடிக்கும் ஆண் பறவையின் சிவப்பு, பெட்டைகளைக் கவர்வதற்கான விளம்பரம். அந்த விளம்பரம் அச்சானது தெற்கில். பிறந்து ஓராண்டே ஆன ஆண்களுக்கு இன்னும் சிவப்பு வராது. பெட்டையைப் போலப் பழுப்பாகவே இருந்து பாடும். இரண்டாவது குளிர்காலம் கழிந்தால்தான் மாப்பிள்ளைக் கோலம்.

மூங்கில் பூத்தால்

மூங்கிலை நம்பிப் பிழைப்பது சுலபமல்ல. கல் மூங்கில் காடு மொத்தமாகப் பூப்பது பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை. பூத்துக் காய்த்ததும் அந்தப் புதர் செத்துவிடும். இடைப்பட்ட வருடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புதர்கள் மட்டும் பூக்கும். இதனால்தான் ரோஸ்ஃபிஞ்ச் ஒரே பள்ளத்தில் ஆண்டுதோறும் தென்படுவதில்லை. இந்த வருடம் நூற்றுக்கணக்கில் இருந்த இடத்தில் அடுத்த வருடம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். பெரிய பரப்பில் பல வயது மூங்கில் புதர்கள் இருந்தால் மட்டுமே எங்காவது ஓரிடத்தில் சாப்பாடு கிடைக்கும்.

மொத்தமாகப் பூத்த பிறகு வரும் இரண்டு மூன்று வருடங்கள் காட்டுக்கே கண்டம். செத்துக் காய்ந்த மூங்கில் கழிகள் விறகுக் குவியலாக நிற்கும். கீழே சிந்திய விதைகளிலிருந்து புல் போலக் கன்றுகள் முளைத்திருக்கும். அப்போது ஒரு தீ வந்தால் பழையதும் எரியும், புதியதும் எரியும். தப்பிய கன்றுகளை ஆடு மாடுகள் மேய்ந்துவிட்டால், அந்த இடம் உண்ணிச்செடிக்குப் போய்விடும். உண்ணிப் பழத்தை ரோஸ்ஃபிஞ்ச் தின்னும் என்பது உண்மை. ஆனால் மூங்கில் காடு போய் உண்ணிக்காடு வந்தால், அது குருவிக்கு மட்டுமல்ல, யானையிலிருந்து கூடை முடைகிற மேதர சமூகத்தினர் வரை எல்லோருக்கும் நஷ்டம்.

தீ இங்கே கற்பனை பயம் அல்ல. 2014 மார்ச்சில் சேஷாசலம் காட்டில் பற்றிய தீ திருமலையை நெருங்கியது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொட்ட வேண்டியிருந்தது. கோயிலுக்கும் பக்தர்களுக்கும் ஆபத்து என்றதும் நாடே திரும்பிப் பார்த்தது. மார்ச் என்பது ரோஸ்ஃபிஞ்ச் நீண்ட பயணத்துக்கு முன்னால் தின்று கொழுப்புச் சேர்க்கும் காலம் என்பது யார் கணக்கிலும் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

காகிதத்தில் இந்தக் காட்டுக்குப் பாதுகாப்புக்குக் குறைவில்லை. ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா 1989-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 353 சதுர கி.மீ. அதையும் உள்ளடக்கி, சித்தூர், கடப்பா மலைகளில் சுமார் 4,755 சதுர கி.மீ. பரப்பை 2010-ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக மத்திய அரசு அறிவித்தது. ஆந்திராவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் அது.

சிவப்பு மரமும் சிவப்புக் குருவியும்

சேஷாசலம் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது குருவி அல்ல, செம்மரம். உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் அந்த மரத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் கிராக்கி, இந்தக் காட்டைப் போர்க்களமாக்கியது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைக் கூலிகள். பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்த ஊர்களில் ஆறாத ரணம் அது.

மனித உயிர்கள் போன இடத்தில் குருவியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு உறுத்தலாம். ஆனால் இரண்டும் வேறு வேறு கதைகள் அல்ல. ஒரு காட்டை ஒற்றை மரத்தின் விலையால் மட்டும் அளந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் செம்மரம் சாட்சி. காவல் படைகள், சோதனைச் சாவடிகள், கண்காணிப்பு எல்லாமே அந்த மரத்தைச் சுற்றி அமைகின்றன. விலையில்லாத மூங்கில் பூத்ததா, செத்ததா, மறுபடி முளைத்ததா என்று குறித்து வைக்க ஆள் மிஞ்சுவதில்லை.

காட்டுக்கு வெளியிலும் மேஜை சுருங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் ராயலசீமையின் மானாவாரி நிலங்களில் சோளமும் கம்பும் கேழ்வரகும் பரவலாக விளைந்தன. கதிர் முற்றும் பருவத்தில் இறங்கும் ரோஸ்ஃபிஞ்ச் கூட்டத்தைக் கவண் கல்லால் விரட்ட வேண்டிய தொல்லையும் விவசாயிகளுக்கு இருந்தது. பிறகு நிலக்கடலை வந்தது. சித்தூர்ப் பக்கம் மாந்தோப்புகள் பரவின. மாம்பழக்கூழ் தொழிற்சாலைகளால் ஊருக்குக் காசு வந்தது. விவசாயி செய்ததில் தவறில்லை. ஆனால் சிறு விதை தின்னும் பறவைக்கு நிலக்கடலைக் காட்டிலும் மாந்தோப்பிலும் கிடைப்பது சொற்பம். வயல் கைவிட்டால், காட்டை நம்பியிருப்பதைத் தவிர அதற்கு வழி இல்லை.

ஒரு பள்ளத்தாக்கின் பாடம்

செய்தால் முடியும் என்பதற்கு உதாரணம் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. மதனபள்ளிக்கு அருகில் உள்ள ரிஷிவேலிப் பள்ளத்தாக்கு. மதனபள்ளியில் பிறந்த தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி அங்கே இருக்கிறது. சுற்றிலும் வெறும் பாறைக் குன்றுகளும் மண் அரித்த மேட்டு நிலங்களுமாகக் கிடந்த இடத்தில் பல பத்தாண்டுகளாக மரம் நட்டார்கள், சிறு தடுப்பணைகள் கட்டி மழைநீரைத் தேக்கினார்கள், மேய்ச்சலைக் கட்டுப்படுத்தினார்கள். புதர்கள் திரும்பி வந்தன, பறவைகளும் வந்தன. 1991-ல் பள்ளி வளாகம் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பறவையியல் கற்பிக்கும் தனி மையமும் அங்கே உருவானது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டும் வாழும் அரிய மஞ்சள் தொண்டைச் சின்னானைப் பார்க்க இந்தியா முழுவதிலிருந்தும் அங்கே ஆட்கள் போகிறார்கள்.

ரிஷிவேலி காட்டுவது, பறவைக்காகப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை என்பதைத்தான். தண்ணீர் நின்று, தீயும் மேய்ச்சலும் கட்டுக்குள் வந்தால் செடிகொடிகள் தாமாகவே மீளும். சேஷாசலத்துக்கும் அதுவே மருந்து. மூங்கில் பூத்த பள்ளங்களைக் குறித்து வைத்து, கன்றுகள் தலையெடுக்கும் வரை தீத்தடுப்புக் கோடுகளையும் மேய்ச்சல் தடையையும் அங்கே மட்டுமாவது கண்டிப்பாக்க வேண்டும். எங்கே எப்போது பூத்தது என்பது காட்டை ஒட்டிய கிராமத்தாருக்கும் கூடை முடைபவர்களுக்கும் தெரியும். அவர்களைக் கேட்டாலே போதும்.

சட்டம் ஒரு பக்கம் உதவியிருக்கிறது. இனிமையான குரலுக்காக ரோஸ்ஃபிஞ்சைப் பிடித்துக் கூண்டில் விற்பது வடஇந்தியச் சந்தைகளில் சாதாரணமாக இருந்தது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1990-களின் தொடக்கத்தில் இந்தியப் பறவைகளின் வணிகம் முழுவதற்கும் விதிக்கப்பட்ட தடையும் அதைக் குற்றமாக்கின.

ஏராளம் என்ற ஏமாற்று

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் ரோஸ்ஃபிஞ்ச் ‘கவலைப்படத் தேவையற்ற’ இனம். ஐரோப்பாவிலிருந்து பசிபிக் வரை பரவியிருக்கும் பறவைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம்.

இதே கேள்வியை மஞ்சள் மார்பு பன்ட்டிங் பற்றியும் ஒரு காலத்தில் கேட்டிருக்கலாம். அதுவும் வடக்கின் பறவைதான். பின்லாந்திலிருந்து ஜப்பான் வரை கோடிக்கணக்கில் இருந்தது. குளிர்காலத்தில் தென், தென்கிழக்கு ஆசியாவுக்கு வரும். கூடு கட்டும் சைபீரியாவில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பயண வழியிலும் குளிர்கால நாடுகளிலும், முக்கியமாகச் சீனாவில், வலை விரித்து லட்சக்கணக்கில் பிடித்துத் தின்றார்கள். 1980-க்கும் 2013-க்கும் இடையில் அதன் எண்ணிக்கை 84 முதல் 95 சதவிகிதம் வரை சரிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பின்லாந்தில் அது கூடு கட்டுவதே நின்றுபோனது. 2017-ல் ‘மிக ஆபத்தான நிலை’ என்று அறிவிக்கப்பட்டது. வடக்கில் பிறந்த பறவையின் விதி தெற்கில் எழுதப்பட்டது.

ரோஸ்ஃபிஞ்சுக்கு அந்த நிலைமை வரவில்லை. வராமல் பார்த்துக்கொள்ள எண்ணிக்கை தெரிந்திருக்க வேண்டும். அதில் சாதாரண மக்களும் உதவ முடியும். டெல்லியின் முட்புதர்களிலும், மும்பையைச் சுற்றியுள்ள மலைகளிலும், நீலகிரியிலும்கூட இந்தப் பறவை வந்து போகிறது. பைனாகுலரும் குறிப்பேடும் இருந்தால் போதும். தேதி, இடம், எண்ணிக்கை, எதைத் தின்றது என்று குறித்துப் பொதுப் பதிவேடுகளில் சேர்த்தால், நாளைக்கு அது ஆதாரம்.

இந்தி பேசும் பகுதிகளில் ரோஸ்ஃபிஞ்சுக்குத் ‘தூத்தி’ என்று பெயர். முரசு மண்டபத்தில் தூத்தியின் குரல் என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. பெரிய சத்தத்துக்கு நடுவே எடுபடாமல் போகும் எளியவரின் பேச்சைக் குறிப்பது அது. தூத்தி என்பதற்குக் கிளி என்றும் சிறு குழல் என்றும் பொருள் சொல்பவர்கள் உண்டு. இந்தச் சின்னப் பாடும் பறவைதான் என்பவர்களும் உண்டு.

சேஷாசலத்தில் தூத்தியின் குரல் அநேகமாகக் கேட்பதேயில்லை. குளிர்காலத்தில் அது பாடுவது அபூர்வம். பாட்டெல்லாம் வடக்குக்குத்தான். ஏப்ரல் வெயில் ஏறி, மூங்கில் இலை சருகாகத் தொடங்கும்போது கூட்டம் ஒருநாள் காணாமல் போகும். ஆண்களின் இறகு விளிம்புகள் அதற்குள் தேய்ந்து, சிவப்பு பளிச்சென்று வெளியே வந்திருக்கும். அடுத்த குளிர்காலத்தில் அவை திரும்பும்போது, விட்டுப்போன மூங்கில் அங்கே நிற்க வேண்டும்.